பதினோரு பேருக்கு ஓர் இணையப் பக்கம்

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடும் பதினோரு பெண்களை இரண்டு வருடமாகப் படம் எடுத்து வந்தேன். அந்தப் படங்களுக்கு இணையத்தில் ஒரு கேலரி வைக்க வேண்டும், அதை நானே வடிவமைக்க வேண்டும் என்று பிடிவாதம். ஸ்ரீரங்கம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையை ஒரு மாதம் என் லேப்டாப்தான் ஆண்டது. மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள்.

என் ரசனை மீது எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கலர் கண்ணை உறுத்துகிறது என்று பதினோரு படங்களையும் முகம் மட்டும் தெரிய வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கினேன். சாம்பல் நிறப் பின்னணி, கீழே பெயர், அதற்கும் கீழே கடையில் சேர்ந்த வருடம்.

வெளியிடும் முன் அவர்களுடைய சம்மதம் வேண்டும். எல்லோருக்கும் மூத்த அக்காவிடம் முதலில் போனை நீட்டினேன். அவர் வேண்டாமென்றால் மற்ற பத்துப் பேரும் வேண்டாமென்பார்கள். என் இரண்டு வருட உழைப்பு அதோடு போச்சு. பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நான் செத்தா ஒட்டுற போஸ்டர் மாதிரி இருக்குங்க. இதை எடுத்துருங்க."

தெருமுனைச் சுவரில் தினமும் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? உயிரோடு இருக்கும் பதினோரு பேருக்கும் ஒரே மூச்சில் அஞ்சலி செலுத்தியிருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் விடுவதாக இல்லை. சாம்பலையும் வருடத்தையும் தூக்கிவிட்டு, வெட்டாத படங்களை அசல் கலரிலேயே வைத்தேன். ஆட்களுக்குப் பின்னால் மாம்பழ மஞ்சளும் மயில்கழுத்தும் அடுக்கடுக்காக வந்தன. கலர் சொல்லியே விற்கிறவர்களிடமிருந்து கலரைப் பிடுங்கியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் மறுபடி போய் நின்றேன். அக்கா ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். தன் படம் வந்ததும் விரலை நிறுத்தினார். இன்னும் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாத்துலயும் நின்னுக்கிட்டே இருக்கோம். என்னை உட்கார வெச்சு ஒண்ணு எடுங்க."

கடையில் நாற்காலி வாடிக்கையாளருக்கு மட்டும்தான். முதலாளியிடம் போய் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டேன். அக்கா உட்கார்ந்தார். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் போதும், தன்னையறியாமல் எழுந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு படம் கிடைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிடைக்கும்வரை நான் கேமராவை இறக்கவில்லை.