மாரண்டஹள்ளி மலைமேல் மருமகள்களின் சுவர்

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை லீவு கிடைத்தது. ஒகேனக்கல் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மாரண்டஹள்ளிக்கு மேலே, மலை உச்சியில் ஒரு சின்ன கத்தோலிக்க ஊர் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, ஓசூரில் காலை ஏழரை பஸ் ஏறினேன்.

மாரண்டஹள்ளியில் இட்லியை முடித்துவிட்டு சலீம் பாயின் ஆட்டோவில் ஏறினேன். ஒன்பது கிலோமீட்டர், 250 ரூபாய். "கடேசி ஒரு கிலோமீட்டர் வண்டி ஏறாதுங்க, நீங்கதான் ஏறணும்" என்றார். ஏறினேன். முட்டி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

மேலே முப்பது வீடுகூட இருக்காது. ஏதோ ஒரு பஞ்சத்தில் கன்னடப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். எந்த ஆண்டு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஜெபம் தமிழில், சண்டை கன்னடத்தில். கோயில் சாதாரண ஓட்டுக் கட்டடம். பார்க்க வேண்டியது அதைச் சுற்றியுள்ள இடுப்புயர மதில்தான். இங்கே கல்யாணமாகி வரும் பெண் பிறந்த ஊரிலிருந்து ஒரு கல் கொண்டுவந்து அதில் வைக்க வேண்டும். வைத்தால்தான் ஊர்க்காரி. வைக்காதவள் திருவிழாவில் தேர்க்கயிற்றைத் தொட முடியாது.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எழுத மனம் வராது. தண்ணீர் கொண்டுபோங்கள். மேலே கடை கிடையாது. பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். திரும்ப ஆட்டோ வேண்டுமென்றால் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே பேசிவையுங்கள், மலைமேல் சிக்னல் கிடைக்காது.

நான் போன அன்று மதிலுக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். மழையில் சரிகிறதாம். பூசிவிட்டால் இனி யாரும் கல் வைக்க முடியாது. ஒரு மூலைதான் பாக்கி. அங்கே கவிதா என்ற பெண் கையில் கருங்கல்லோடு நின்றிருந்தாள். கடத்தூர்க்காரி, இந்து. ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு வந்து மூன்று வருடம். கோயிலில் தாலி கட்டாதவளுக்கு இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. "எங்க கையில ஒண்ணுமில்லம்மா" என்று மேஸ்திரி கரண்டியைப் பார்த்தபடியே சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியூர்க்காரன், ஓரமாக நின்றுகொண்டேன்.

அப்போது அவளுடைய மாமியார் தெரசம்மா வந்தார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வாழ வந்தவர். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேஸ்திரியின் கடப்பாரையை எடுத்து, பூசாத மூலையில் இருந்த செங்காவிக் கல் ஒன்றை நெம்பி வெளியே தள்ளினார்.

"ஐயோ, அது உங்க கல்லுங்களே" என்றார் மேஸ்திரி.

"எங்கல்லு, நான் எடுத்தேன். கவிதா, வையி."

"கமிட்டில கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"ஓட்டை இருந்துச்சு, அடைச்சேன்னு சொல்லு."

கவிதா நகரவில்லை. "உங்களுக்குக் கல்லு இல்லாம போயிடுமே அத்த" என்றாள்.

"நாப்பது வருசமா இந்த ஊருல சோறு பொங்குறேன். மூணு புள்ள பெத்தேன், ஒண்ண இங்கதான் பொதச்சேன். என்னை ஊருக்காரி இல்லேன்னு எவன் சொல்றான், வரச் சொல்லு."

கவிதா அழுதுகொண்டே கல்லை வைத்தாள். மேஸ்திரி அதன்மேல் சிமெண்டை அள்ளி வைத்தார்.