மஸ்கட்டில் இல்லாத அக்கா

நர்ஸ் படித்த என் மகள் ஸ்டெல்லாவுக்கு மஸ்கட்டில் வேலை என்றார் ஏஜென்ட். "இமிக்ரேஷன்ல வேலைன்னு சொல்லாதீங்க, அக்கா வீட்டுக்குன்னு சொல்லுங்க" என்றார். அவளுக்கு அக்காவே கிடையாது. ஆனாலும் எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டில் நானே இமிக்ரேஷன் அதிகாரி மாதிரி உட்கார்ந்து, ஒரு வாரம் அவளைப் பொய் சொல்லப் பழக்கினேன்.

விமான நிலையத்துக்குள் போன அவள் அரை மணியில் போன் செய்தாள்.

"அப்பா, அக்காவுக்குப் போன் போடுன்றாங்க. என்னப்பா சொல்லட்டும்?"

டிக்கெட் இல்லாத என்னைக் காவலர் உள்ளே விடவில்லை. உண்மையைச் சொன்னால் வழக்கு வருமோ, பொய்யைத் தொடர்ந்தால் பிடித்து வைப்பார்களோ என்று பயந்து, "லைன்லயே இரும்மா" என்றேன்.

போனை அதிகாரியே வாங்கினார். "சார், உங்க பொண்ணு பையில இருந்த இந்த அரபி வேலை ஆர்டரைப் படிச்சீங்களா? ஆஸ்பத்திரி மஸ்கட்ல இல்ல, ஏமன்ல இருக்கு. சண்டை நடக்கிற நாடுன்னு அங்க போக நம்ம சர்க்கார் தடை போட்டிருக்கு. மாட்டிக்கிட்டா யாரு சார் கூட்டிட்டு வருவாங்க?"

அந்தத் தாளில் ஆங்கிலத்தில் இருந்த சம்பளத்தை மட்டுமே நாங்கள் படித்திருந்தோம்.

அவளைத் திருப்பி அனுப்பினார்கள். "நல்லா டிரெயினிங் குடுத்தேப்பா" என்றபடி பெட்டியை என்னிடம் தள்ளினாள்.

எங்கள் அடுத்த தெருவிலேயே அரபி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். இப்போது எங்கள் சர்ச்சில் யார் வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு ஆர்டர் வந்தாலும், நானே கூட்டிப்போய் அவரை வாசிக்கச் சொல்கிறேன். பெட்டி கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.