சுவடு நிரலகத்தைச் சுமந்த ஜெசிந்தா அக்கா

கொல்லங்கோட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் ஜெசிந்தா அக்காவின் பெயர். எடுத்த எடுப்பில், "ஏனுங்கக்கா, புது வெளியீடு போட்டாச்சுங்களா?" என்றேன். எதிர்முனையில் ஓர் ஆண்குரல்.

"தம்பி, நான் அவ அண்ணன் அந்தோணி பேசுதேன். ஜெசிந்தா காலையில தவறிட்டா."

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடுக்கி மலையில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த குடும்பத்தில் பிறந்தவர். விடுதி அறைகளைப் பதிவு செய்து தரும் சிறு நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதினார். அங்கே மென்பொருள் அடிக்கடி படுத்துவிடும். எதனால் என்று யாருக்கும் தெரியாது. தான் செய்யும் ஒவ்வொன்றையும் மென்பொருளே வரிவரியாகக் குறித்து வைக்கட்டும் என்று அவர் எழுதியதுதான் 'சுவடு'. எந்த மென்பொருளோடும் சேர்த்துக்கொள்ளக்கூடிய நிரலகம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், காசு கிடையாது என்று இணையத்தில் வைத்தார். எடுத்துக்கொள்ள ஊரே வந்தது. திருத்த வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நான் பாலக்காட்டு எல்லையோரத்து எருத்தேன்பதிக்காரன். புகார் சொல்லப் போய்த்தான் பழக்கம். சுவடு எழுதும் கோப்பு பெருத்துப் பெருத்து என் கணினியையே நிரப்பிவிட்டது என்று காரமாக எழுதினேன். என் பெயரைப் பார்த்துத் தமிழிலேயே பதில் போட்டார்: "கோவம் நியாயந்தான் தம்பி. திருத்தி அனுப்புங்க, பாக்கேன்." அனுப்பினேன். அன்றோடு மாட்டிக்கொண்டேன்.

அப்போது நாங்கள் ஐந்தாறு பேர். ஒருவருக்குக் கல்யாணம் ஆனது, ஒருவர் வெளிநாடு போனார், ஒருவர் எங்களோடு சண்டை போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் சொல்லாமலே போனார்கள். கடைசியில் அக்காவும் நானும்தான். புகார்கள் மட்டும் குறையவே இல்லை.

பெரிய நிறுவனம் ஒன்றின் பொறியாளர் ஒருமுறை, "உங்கள் பொறுப்பின்மையால் எங்கள் வேலை நிற்கிறது" என்று எழுதினார். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா போனில் சிரித்தார். "பொறுப்பு இல்லாதவளாம்லா நான்! அது இல்லாம இருந்தா இந்நேரம் நிம்மதியா சீரியல் பாத்துக்கிட்டு இருப்பேனே." சிரித்துவிட்டு, அந்தப் பொறியாளர் கேட்டதை அந்த வாரமே செய்தும் கொடுத்தார். அதுதான் எனக்கு ஆகாது. அக்காவிடம் கோபப்பட எனக்கு இருந்த முதல் காரணம் அது.

இரண்டாவது காரணம், வெளியீட்டு உரிமை. திருத்தத்தை நான் எழுதலாம், சரிபார்க்கலாம், சுவட்டின் இணையப் பக்கத்தையும் நிர்வகிக்கலாம். ஆனால் அதை எல்லாருக்கும் போய்ச் சேரும்படி வெளியிடுவது அவருடைய கணக்கிலிருந்து மட்டுமே முடியும். எனக்கும் ஓர் உரிமை கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். "இந்த ஒண்ணை முடிச்சிட்டுத் தாரேன் தம்பி" என்பார். ஒருநாள் சத்தம் போட்டுவிட்டேன். அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னார்: "வெளியிடுறவங்க பேருக்குத்தான் ஏச்சு வருது. அதை நான் ஒருத்தி வாங்குனாப் போதாதா?" இதை அன்பு என்று எடுத்துக்கொள்ள அன்று எனக்குப் பொறுமை இல்லை. இன்றும் முழுதாக இல்லை.

பிறகு சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கையை ஊசிக்குக் கொடுத்துவிட்டு, மறுகையால் பதில் தட்டிக்கொண்டிருப்பார். உடம்புக்கு முடியவில்லை என்று ஓர் அறிவிப்புப் போடுங்களக்கா என்று கெஞ்சினேன். "போட்டா பாவம்னு சொல்லிட்டு, அடுத்த வரியில தேதி கேப்பாங்க" என்றார்.

அவர் இறந்த செய்தியை நான்தான் சுவட்டின் பக்கத்தில் போட்டேன். முதல் பதில்: "ஆழ்ந்த இரங்கல். அடுத்த வெளியீடு எப்போது?"

உண்மையில் திருத்தம் தயாராகத்தான் இருந்தது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதினால் சில வரிகள் காணாமல் போகும் கோளாறு அது. அக்கா சரிபார்த்துவிட்டார்; வெளியிடுவதுதான் பாக்கி. அவருடைய போனுக்கு வரும் ஓடிபி கிடைத்தால் கணக்கை என் பெயருக்கு மாற்றிவிடலாம், சுவடு பிழைத்துக்கொள்ளும். அதைக் கேட்கத்தான், அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி மலையேறினேன். துக்க வீட்டில் போய் ஓடிபி கேட்பவனை என்னவென்று சொல்வது?

அந்தோணி அண்ணன் தேயிலை பேக்டரியில் வேலை செய்பவர். பால் விடாத கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்தார். தயங்கித் தயங்கி ஓடிபி விஷயத்தைச் சொன்னேன். செய்தி மேல் செய்தி வந்து, அக்காவின் போன் மேசைமேல் கிடந்து நடுங்கிக்கொண்டே இருந்தது.

"அடக்கம் அன்னைக்கும் இப்படித்தான் தம்பி. யாரு இவங்கல்லாம்?"

"சுவட்டை உபயோகிக்கிறவங்கண்ணா."

"சம்பளம் குடுக்காங்களா?"

"இல்லீங்க."

மறுபடி நடுங்கியது. போனை என்னிடம் நீட்டினார். "இங்கிலீசுல இருக்கு. என்னன்னு வாசிங்க."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அங்க உசுரோட யாராச்சும் இருக்கீங்களான்னு கேட்டிருக்காருங்க" என்றேன்.

அண்ணன் சத்தம் போடவில்லை. போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நீங்க ஓடிபி கேட்டீங்க. குடுத்தா இது நிக்குமா தம்பி?"

நிற்காது. எழுதியவர் என்று அக்காவின் பெயர் தலைப்பில் இருக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பெயரை எடுக்க எனக்கு மனசு வராது. எத்தனையோ பேருக்குப் பயன்படுகிறது என்று சொல்ல ஊரிலிருந்தே யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அந்த எத்தனையோ பேரில் ஒருவர்கூட அந்த வீட்டுக்கு வரவில்லை.

"நிக்காதுங்கண்ணா."

"அப்ப மூடிருங்க."

அங்கேயே உட்கார்ந்து என் போனில் சுவட்டின் பக்கத்தைத் திறந்தேன். கடைசித் திருத்தம் இங்கேயே இருக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துத் தாங்களே சேர்த்துக்கொள்ளட்டும், இனி இங்கே கேள்விக்கு இடமில்லை என்று எழுதினேன். பக்கத்தைப் பூட்டினேன். இத்தனை வருட உழைப்பைப் பூட்டியதில் அழுதுவிட்டேன்.

அண்ணனும் நானும் மேசையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் போன் அசையவில்லை.

போய் வாருங்கள் அக்கா. இனி நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.