வெட்டி எறிந்த கைத்தட்டல்

இல்லையில்லை, பேத்தியின் மூக்கு என் மூக்குதான். மச்சினன் கிளைவ் அது தங்கள் குடும்பத்து மூக்கு என்று மீன்சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நம்பாதீர்கள். குழந்தை கண் திறப்பதற்குள் பங்கு கேட்டு வந்து நிற்கிற ஆள் அவன். எதைப் படம் பிடித்தாலும் அதில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிற தொழில் அவனுக்கு.

பெத்தனி என்று பெயர் வைத்திருக்கிறோம். என் கட்டைவிரலைப் பிடித்தால் விடமாட்டாள். அது இருக்கட்டும். இப்போது என் பெண்டாட்டி பெரிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளைவ் எடுத்த படங்களை இங்கே கிரிம்ஸ்பித் துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படங்களில் பாதி பெரில். அந்தப் பாதி கண்ணுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மீன் பேக்டரியில் வேலை பார்த்தாள். மெஷின் இரைச்சலில் அங்கே ஒருத்தர் சொல்வது இன்னொருத்தர் காதில் விழாது. பெண்கள் எல்லாம் வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். யார் பேசப் போகிறார்கள் என்பது உதடு பிரிவதற்கு முன்பே பெரிலுக்குத் தெரிந்துவிடும். நான் துறைமுகத்தில் மீன் இறக்கிவிட்டு, வழியில் ஒரு கிளாஸ் பீர் குடித்துவிட்டு வந்தால், நான் பொய் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே "வேண்டாம் லென்" என்பாள்.

கிளைவ் அவளுக்கு இளையவன். மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து பழைய சினிமா கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். முதல் படம் அந்த மீன் பேக்டரிப் பெண்களைப் பற்றி. கேமராவைக் கண்டதும் அவர்கள் எல்லாரும் சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். மைக் பிடிக்க ஆள் இல்லாமல் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். "அடியே, நம்ம பெரில் வந்திருக்கா!" என்று ஒருத்தி கத்தினாள். அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டமாகிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே வேனில்தான். கேமரா அவன் தோளில், டேப் ரெக்கார்டர் அவள் தோளில். பிங்கோ சூதாடுகிற ஹால், புறா வளர்க்கிறவர்கள், வலை பின்னுகிற பெண்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். படமும் சத்தமும் தனித்தனியாகப் பதிவாகும். பின்னால் இரண்டையும் சரியாக ஒட்டுவதற்காக, ஒவ்வொரு முறை கேமரா ஓடத் தொடங்கும்போதும் பெரில் அதன் முன்னால் வந்து இரண்டு கையையும் பளாரென்று ஒரு தட்டு தட்டுவாள். ஒட்டி முடித்ததும் அந்தக் கைத்தட்டலை வெட்டி எறிந்துவிடுவார்கள். யோசித்துப் பாருங்கள். எல்லாப் படத்திலும், எல்லாக் காட்சியிலும் என் பெண்டாட்டி இருந்தாள். எல்லாவற்றிலும் வெட்டிவிட்டார்கள்.

ஒருமுறை டெலிவிஷன் ஆட்கள் விருந்து வைத்தார்கள். ஒரு அம்மாள் பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி எவ்வளவு பெரிய ஆளு! நீங்க என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டாள்.

"நான் அவனுக்குக் கை தட்டறேன்" என்றாள் பெரில்.

அந்த அம்மாள் "ரொம்ப நல்லது" என்றாள்.

பெரிலிடம் இன்னொரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் படம் எடுத்து முடித்ததும், "யாரும் அசையாதீங்க, ஒரு நிமிஷம்" என்பாள். அந்த அறை சும்மா இருக்கிற சத்தத்தைப் பதிவு செய்வாள். பேச்சில் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் அந்த இடம் காது அடைத்தாற்போல் செத்துவிடுமாம். அங்கே இந்தச் சும்மா சத்தத்தை வைத்துத்தான் ஒட்டுவார்களாம். நம் வீட்டுச் சும்மாவும் பக்கத்து வீட்டுச் சும்மாவும் ஒன்றில்லை என்பாள். எங்கள் வீட்டில் ஒரு தடவை அந்த நிமிஷத்தில் நான் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கிளைவுக்கு அந்த நிமிஷம் பிடிக்காது. பொறுமை கிடையாது அவனுக்கு. கேமராவைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விடுவான். டேப்பையெல்லாம் பெரில் பிஸ்கட் டின்னில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை கிளைவ் எல்லாருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கைக்காசில் வாங்கி வந்தபோதே எனக்குச் சந்தேகம்.

"பெரில், லண்டன் கம்பெனி ஒண்ணு கூப்பிட்டிருக்கு. கடல்ல புருஷனைப் பறிகொடுத்த பொம்பளைங்களைப் பத்தி. பெரிய படம்."

"எப்ப ஆரம்பிக்கறோம்?"

கிளைவ் வினிகர் பாட்டிலை எடுத்துச் சிப்ஸ் மேல் ஊற்றினான். ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"சவுண்டுக்கு அவங்க ஆளே இருக்காம். அனபெல்னு ஒரு பொண்ணு. அங்க அதுதான் வழக்கமாம்."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்றது?"

"எங்க அக்கா இல்லாம முடியாதுன்னு."

"பெரில்..."

"சரி, சொல்லலை. சாப்பிடு, ஊறிப்போச்சு பாரு."

பிறகு எழுந்து வந்து, அவன் மூக்குக்கு நேராக இரண்டு கையையும் நீட்டிப் பளாரென்று ஒரு தட்டு தட்டினாள்.

"இது எதுக்கு?"

"இதுதான் கடைசி. இதையும் வெட்டிக்கோ."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அனபெல்தான் குடியிருந்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் பெரில் கேட்பாள். அனபெல் எப்படி இருப்பாளாம்? ஒல்லியாமா? ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறாளாமே, காதில் மாட்டத் தெரியாதா? கிளைவ் நோரா என்கிற விதவை வீட்டில் படம் எடுக்கிறான் என்று தெரிந்ததும் தையல் நூல் வாங்க அந்தப் பக்கத்து பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு அலமாரியில் எல்லா நிறத்திலும் நூல் சேர்ந்தது. பெரிலுக்குத் தைக்கத் தெரியாது.

நோராவின் புருஷன் போன கப்பல் பனிக்கடலிலிருந்து திரும்பவில்லை. லண்டன் படத்துக்கு முந்தைய குளிர்காலத்தில்தான் பெரிலும் கிளைவும் அவள் வீட்டில் ஒரு சின்னப் படம் எடுத்திருந்தார்கள். நோராவுக்குப் பெரில் என்றால் உயிர்.

ஒருநாள் மீன் கடைக்காரி டாட்டி சொன்னாள்: "சேதி தெரியுமா கண்ணு? அந்த லண்டன்காரி சட்டையில டீயைக் கொட்டிக்கிட்டு, நோரா வீட்டுத் தொட்டியிலேயே அலசிக் கொடியில போட்டாளாம். நோரா மகன் கப்பல் கிளம்பின அன்னைக்கு!"

பெரிலின் வாய் பிளந்தது. "துவைச்சாளா? அன்னைக்கா?"

கடலுக்குப் போகிற நாளில் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் துணி நனையாது. துவைத்தால் அந்தத் துணியோடு ஆளும் கடலில் போய்விடுவான் என்பார்கள். லண்டன் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? அதற்குப் பிறகு நோரா, கேட்டதற்கு ஆம், இல்லை என்று மட்டும்தான் சொன்னாளாம்.

பெரில் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நடந்தாள். நோராவின் மகன் நல்லபடியாகக் கரை வந்து சேர்ந்தான். அன்று மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "கொடியில போட்டாளாம் லென், கொடியில!"

பழங்கள் பழுக்கிற சமயத்தில் கிளைவ் வந்தான். கையில் சிப்ஸ் இல்லை.

"பெரில், நோரா வீட்டு அமைதி, அந்த ஒரு நிமிஷ டேப், உன்கிட்ட இருக்கா?"

"ஏன், உங்க அனபெல் எடுக்கலையா?"

"எடுக்கலை."

"தெரியாதோ அவளுக்கு?"

கிளைவ் தொப்பியைக் கையில் சுற்றினான். "தெரியும். அவளும் ஒரு நிமிஷம் கேட்டா. நான்தான் நேரமாச்சு, கிளம்புன்னு சொன்னேன்."

பெரிலின் முகம் வாடிவிட்டது. அனபெல்லின் தப்பாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"அப்ப திரும்பப் போய் எடுத்துக்கோயேன்."

"நோரா மக வீட்டுக்குக் குடி போயிட்டா. வீட்டுச் சொந்தக்காரர் சமையலறைச் செவுத்தையெல்லாம் இடிச்சுட்டார். அந்த ரூமே இல்லை பெரில். படம் முழுக்க ஓட்டை ஓட்டையா நிக்குது. அடுத்த வாரம் குடுக்கணும்."

அவள் மாடிக்குப் போனாள். பிஸ்கட் டின்னோடு வந்தாள். டேப்பை மாட்டினாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். கெட்டில் ஆறுகிற டிக் டிக். தூரத்தில் கடற்புறா. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்கிறது. வேறு எதுவும் இல்லை. பிறகு திடீரென்று நோராவின் குரல்: "பெரில், அவன் வெளிய போயிட்டானா?"

பெரில் பட்டென்று நிறுத்தினாள்.

"யாரைக் கேக்கறா? என்னையா?" என்றான் கிளைவ்.

"வேற யாரு இருந்தா அங்க?"

"அப்புறம் என்ன சொன்னா?"

"என்கிட்டச் சொன்னா."

"அதான், என்ன?"

"என்கிட்டச் சொன்னா, கிளைவ்."

"எனக்கு அது வேணும் பெரில். அதுதான் படமே! அவ முன்னாடி முட்டி போட்டு உக்காந்து கேட்டேன், ஒரு வார்த்தை வரலை."

"கேமராவுக்குச் சொல்லணும்னு நெனச்சிருந்தா கேமரா இருக்கும்போதே சொல்லியிருப்பா. அமைதியை எடுத்துட்டுப் போ. மீதி என்னோடது."

கிளைவ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "எல்லாரும் இப்படித்தான். நான் கதவைச் சாத்தினதும் உன்கிட்டப் பேசுவாங்க. வேன்ல உக்காந்து ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன், உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்க. என்கிட்ட யாரும் அழுததில்லை. எனக்கு உன்மேல எப்பவுமே பொறாமைதான் பெரில்."

"நெஜமாவா?" என் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை.

"சின்ன வயசுலேருந்து."

"சொல்லியிருக்கலாம்ல, எருமை?"

டீ போட்டாள். அவன் பாதி குடித்ததும் சொன்னாள்: "எனக்குப் பேர் போடணும்."

"சவுண்டுன்னு அனபெல் பேரைப் போட்டாச்சே."

"சவுண்டு அவளே வெச்சுக்கட்டும். சும்மா இருந்ததுக்கு என் பேரைப் போடு. அவ பேருக்கு மேல."

கிளைவ் எங்கள் நடையில் நின்று லண்டனுக்குப் போன் செய்தான். நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டோம். "இல்லைங்க... சிரிக்காதீங்க... அது இல்லேன்னா படம் இல்லை. ஆமா, எங்க அக்கா. எங்க அக்கா இல்லாம முடியாது."

பெரில் என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

படம் டெலிவிஷனில் வந்தது. கடைசியில் வெள்ளை எழுத்தில், 'அமைதி: பெரில் ஸ்டாதர்ட்'. அதற்குக் கீழே அனபெல். பக்கத்து வீட்டுக்காரர், "அமைதியா? நம்ம பெரிலா?" என்று சுவரைத் தட்டிச் சிரித்தார். நோரா அன்று என்ன சொன்னாள் என்று நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன், எனக்கும் சொல்லவில்லை. அந்த பிஸ்கட் டின்மேல் எனக்கும் கொஞ்சம் பொறாமை உண்டு.

படம் வந்த பிறகும் பெரில் அவனோடு வேலைக்குப் போகவில்லை. அவன் கூப்பிடவில்லை, இவள் கேட்கவில்லை. இரண்டும் ஒரே ரகம்.

இன்று காலை மகள் லினெட் குழந்தையோடு வந்திருந்தாள். ஜன்னல் ஓரம் பெரில் மடியில் பெத்தனி தூங்கிக்கொண்டிருந்தாள், என் மூக்கோடு. கிளைவ் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பெரிலின் பழைய ரெக்கார்டரையும் அவனே சுமந்து வந்திருந்தான். அதை மேஜைமேல் வைத்துவிட்டு, மைக்கை என் கையில் கொடுத்தான். பிறகு வழக்கம்போல் கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு, "ம், தட்டு பெரில்" என்றான்.

பெரில் அசையவில்லை. கால்மேல் இருந்த போர்வையை இழுத்துவிட்டாள், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், கேமராவை நேராகப் பார்த்தாள்.

"இன்னைக்கு நீ வந்து தட்டு கிளைவ், மெதுவாத் தட்டு, குழந்தை தூங்குது. நான் படத்துல இருக்கேன்."