மாமியார் கணக்கில் ஒரு மொழி

லிஃப்ட் ரிப்பேர்காரருக்கு நான்கு மொழிகள் தண்ணீர் பட்ட பாடு. வீட்டில் கற்றது ஒன்றுதான். மற்றவை முதலாளியிடமும் உதிரிபாகக் கடையிலும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் ஒட்டிக்கொண்டவை. யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அவர்கள் மொழியில் வம்பளப்பார். சிரித்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்தது என்பார்.

ஐந்தாவதாக மாமியார் மொழியும் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்கமாட்டார். காதல் கல்யாணம் ஆகி எட்டு வருஷமாகியும் மாமியார் அவர் முகம் பார்த்துப் பேசியதில்லை. வீட்டில் மிக்ஸி, மின்விசிறி என்று எதையாவது கழற்றிப் போட்டுவிட்டு மாட்ட மறந்துவிடுவார் இவர். அந்த அம்மாள் சுவரைப் பார்த்துத் திட்டித் தீர்ப்பார். ஆக, அந்த மொழியில் இவருக்குத் தெரிந்ததெல்லாம் திட்டுதான். பாவம் மனுஷர்!

ஒருநாள் காலை, ஒரு குடியிருப்பில் மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாதக் கர்ப்பிணி, தனியாக. பயத்தில் கதவைப் பிளக்கப் பார்க்கிறாள். இடுக்கில் விரல்கள் தெரிகின்றன. மொட்டைமாடியில் இருக்கும் லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கிவிடலாம். ஆனால் விரலை எடுக்காமல் லிஃப்ட் நகர்ந்தால் நசுங்கிவிடும்.

நான்கு மொழியிலும் கெஞ்சினார். பருப்பு வேகவில்லை.

"குடிவந்து ரெண்டு நாள்தாங்க ஆகுது. அவங்க பேசுறது இங்க யாருக்குமே புரியல" என்று வாட்ச்மேன் கையைப் பிசைந்தார்.

உள்ளே அழுகையோடு ஒரு புலம்பல். அட, இது நம் வீட்டுச் சமையலறையில் கேட்கிற மொழியல்லவா!

யோசிக்கவேயில்லை. மாமியாரின் மொழியில், மாமியாரின் குரலிலேயே ஒரு போடு போட்டார்: "கைய எடு! கண்டதையும் தொடாத! நீ தொட்டு எது உருப்பட்டுச்சு? போய் மூலையில உட்காரு!"

உள்ளே அழுகை நின்றது. பிறகு குபீரென்று ஒரு சிரிப்பு. விரல்கள் மறைந்தன.

படிகளில் தாவி ஏறிச் சக்கரத்தைச் சுற்றினார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னவோ கேட்டாள். 'அம்மா' என்பது மட்டும் இவருக்குப் புரிந்தது. சட்டென்று வீட்டுக்கு போன் போட்டு, மாமியாரிடம் பேசும்படி அவள் கையில் கொடுத்தார். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள், சிரித்தார்கள்.

போன் திரும்பி வந்தது. "சாயங்காலம் அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க" என்று மாமியார் சொன்னதை மனைவி குறுக்கே புகுந்து மொழிபெயர்த்தாள். அடுத்ததற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை: "அந்த மிக்ஸிய எப்ப மாட்டப்போறீங்க, மாப்ள?"

மிக்ஸி தினம் கேட்கிற பாட்டுதான். அந்த மொழியில் மாப்பிள்ளையைக் குறிக்கும் கடைசிச் சொல்லை மட்டும் கல்யாணத்தன்று மனைவி சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைக் காதால் கேட்க எட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

"உங்களுக்கு எத்தன பாஷைங்க தெரியும்?" என்றார் வாட்ச்மேன்.

"அஞ்சு" என்றார்.