தொடாமல் வளர்த்த குட்டி

திருநின்றவூரில் என் மகள் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டுக்குச் சென்ற மாதம் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. அதைப் பழக்குவதற்கென்றே வாரத்தில் இரண்டு நாள் ஒரு பெண் வருகிறாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. இடுப்பில் ஒரு துணிப்பை, அதற்குள் தீனி. குட்டி சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு கிடைக்கும், செய்யாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. "தப்பு பண்ணா மூஞ்சத் திருப்பிக்கோங்க அங்கிள், அவ்ளோதான்," என்று எனக்கும் பாடம் சொன்னாள். இம்முறைக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயரும் உண்டாம்.

அன்று அவள் பையைத் திறந்ததும் கூடம் முழுவதும் ஒரு வாடை பரவியது. காய்ந்த சென்னாக்குனி. நகத்தளவு கூட இல்லாத இறாலை வெயிலில் உலர்த்தி எடுப்பார்களே, அது. நான் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றுகொண்டேன். "அப்பா ரொம்ப ஆசாரம், கருவாட்டு வாசனையே ஆகாது," என்று மகள் அப்பெண்ணிடம் விளக்குவது காதில் விழுந்தது. நான் திருத்தவில்லை. வயதானவர்களைப் பற்றி வீட்டில் தவறாக நினைத்திருப்பதில் ஒரு வசதியும் உண்டு, நண்பரே. உங்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாடையை எனக்குப் பழக்கியவர் காதர் பாய். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். எட்டுக்கு எட்டு அறை; ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எடைமேடை. பழைய இரும்பு ஏற்றிய லாரி அதன்மேல் வந்து நிற்கும். காதர் பாய் எடையை வாசிப்பார், நான் சீட்டில் எழுதுவேன். சரக்கைக் கொட்டிவிட்டு அதே லாரி வெறுமையாகத் திரும்பி வரும். மறுபடி வாசிப்பார், மறுபடி எழுதுவேன். இருபத்தாறு வயதில் என் உலகம் அவ்வளவுதான்.

காதர் பாய்க்கும் ஏறத்தாழ என் வயதுதான். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். பொன்னேரி வழியாகப் பேருந்து மாறி வருவார். அவருடைய பகல் உணவோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் சென்னாக்குனியும் வரும். நானோ விடியலுக்கு முன் நீராடி, திருமண் தரித்து, பாசுரங்களை ஓதிக்கொண்டே ஆலைக்கு நடந்து வருகிறவன். பத்து மணிக்கெல்லாம் உலைப்புகை படிந்து என் நெற்றி கரியாகிவிடும்.

"இன்னா சாமி, உன் பெருமாள் இன்னிக்கும் கறுத்துட்டாரு?" என்பார்.

"அவர் என்றைக்குமே கார்வண்ணர்தாம் பாய்," என்பேன். அந்தப் பதிலில் எனக்கு மிகுந்த பெருமிதம். வாரம் நான்கு முறையாவது அதைச் சொல்லியிருப்பேன். அவரும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைத்தார்.

ஒரு சித்திரைப் பகலில், கொட்டிய இரும்புக் குவியலுக்கு நடுவே, நசுங்கிய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றிலிருந்து முனகல் கேட்டது. சுமை இறக்குகிறவர்கள் உள்ளே கை விட்டு ஒரு பெண் குட்டியை எடுத்தார்கள். இன்னும் சிறிது நேரம் யாரும் கேளாதிருந்தால் பீப்பாயோடு உலைக்குப் போயிருக்கும். அவர்களுள் ஒருவர் விளையாட்டாக அதைக் கொண்டுவந்து எடைமேடையின் நடுவில் வைத்தார். காதர் பாய் முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"முள்ளு ஆடவே இல்லியே சாமி. சைபர்!"

நாற்பது டன் நிறுக்கும் மேடையில் அவ்வுயிருக்கு எடை இல்லை. சைபர் என்பதே பெயராக நிலைத்தது.

இனி நடந்ததை நினைத்தால் இப்போதும் சிறிது சிரிப்பு வருகிறது. குட்டியை யார் தொடுவது? அதன் ஈரவாய் மேலே பட்டால் தொழுகைக்கு முன் ஏழு முறை கழுவ வேண்டும் என்று காதர் பாய் ஒதுங்கினார். நாயைத் தீண்டினால் நீராடாமல் திருநாமம் சொல்லலாகாது என்று நான் ஒதுங்கினேன். கிணறோ குழாயோ இல்லாத எடைமேடையில் இரண்டு பக்திமான்கள் ஆளுக்கொரு மூலையில் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அது நடுவில் நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தது.

அன்று மாலையே இன்னொரு சங்கடமும் வந்தது. வெயிலில் காய்ந்த இரும்புத் தகட்டின் சூடு மாலையில் இதமாக இருப்பதால் குட்டி மேடையை விட்டு இறங்க மறுத்தது. லாரி ஓட்டுநர் உயரத்தில் இருக்கிறார். அவர் கண்ணுக்குத் தெரியாது. கல்லெறிந்து விரட்ட மனம் வேண்டும், அணைத்துத் தூக்கத் தொட வேண்டும். இரண்டும் எங்களால் ஆகாது.

காதர் பாய்தான் வழி கண்டார். லாரி வாசலில் ஹாரன் அடித்ததும் ஜன்னல் வழியே ஒரு சென்னாக்குனியை எங்கள் அறைப் படிமேல் எறிவார். குட்டி ஓடிவந்து தின்னும். வராவிட்டால் திட்டமாட்டார்; முகத்தை மட்டும் திருப்பிக்கொள்வார். ஒன்பதாம் நாள், ஹாரன் கேட்ட மாத்திரத்தில், ஒன்றும் எறியாமலே, அது படியில் வந்து அமர்ந்து எங்களை நிமிர்ந்து பார்த்தது. காதர் பாய் மேசையைத் தட்டினார்.

"பாத்தியா சாமி! அடிச்சா பயந்துக்கினு ஓடும். குடுத்தா புரிஞ்சிக்கினு வரும்."

ஆலைக்குள் லாரிச் சக்கரத்தில் வேறு நாய்கள் சிக்கி இறந்ததுண்டு. சைபர் சிக்கவில்லை. வளர்ந்தாள். காதுகள் நிமிர்ந்தன. அன்னியர் மதிலருகே வந்தால் குரைப்பாள். எங்களைக் கண்டால் வாலோடு உடலே ஆடும். ஆயினும் எங்கள் மேல் தாவமாட்டாள். தொடாத மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் வரலாம் என்பதையும் அவள் கற்றிருந்தாள்.

பக்கத்து ஆலையில் இரும்பு திருடுகிறவர்கள் மதிலுக்கு மேலே விஷம் கலந்த இறைச்சியை எறிந்து இரண்டு காவல்நாய்களைக் கொன்றார்கள். அச்செய்தி வந்த அன்று காதர் பாய் உண்ணவில்லை.

"யாரு போட்டாலும் துன்னக்கூடாது சாமி இவ. ஒரு வார்த்த வெச்சிக்கணும். அத சொன்னாத்தான் வாய் வெக்கணும். நீ உன் சாமி பேரு ஒண்ண வெச்சிக்கோயேன். திருடன் எவனும் சாமி பேரச் சொல்லிக்கினு வெஷம் வெக்க மாட்டான்."

எனக்கு உடல் சிலிர்த்தது. நாள்தோறும் எம்பெருமானின் திருநாமம் செவியில் விழ, அதைக் கேட்ட பின்பே அன்னம் உண்ணும் ஓர் உயிர்! எத்தனை மனிதர்களுக்கு வாய்த்த பேறு இது? அவளுக்கு நற்கதி உறுதி என்றும், அதில் எனக்கும் சிறிது பங்கு உண்டு என்றும் கணித்துக்கொண்டேன். என் தயிர்சாதத்தில் ஒரு பிடியை இலையில் வைப்பேன். அவள் பாய்ந்து வந்தால் தட்டால் மூடிவிடுவேன். பின்வாங்கி அமர்ந்து என் முகத்தைப் பார்த்தால் தட்டை எடுத்துத் திருநாமத்தைச் சொல்வேன். இரண்டு மாதத்தில் இலை திறந்தே கிடந்தாலும் என் வாய் திறக்கும்வரை அவள் வாய் திறக்காது. காதர் பாய் அப்பெயரைச் சொல்வதில்லை. "என் வாயால வராது சாமி, நீயே சொல்லு," என்பார். ஆகையால் விடுமுறை நாளிலும் அவளை உண்ண வைப்பதற்காகவே நான் ஆலைக்கு வந்தேன். வந்தவர் போனவரிடமெல்லாம் இதைக் காட்டிப் பெருமை கொண்டாடியதையும் மறைக்க மாட்டேன். எங்கள் நிர்வாக அதிகாரி ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பரிசு போலிருந்தது.

அடுத்த ஆண்டு, வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் ஆலையைப் பார்வையிட வருவதாக ஏற்பாடாயிற்று. மதிலுக்கு வெள்ளை அடித்தார்கள். தொட்டிச் செடிகள் வந்தன. வளாகத்தில் ஒரு நாயும் இருக்கலாகாது என்று உத்தரவாயிற்று. எங்கிருந்தோ ஒரு மனிதர் கறிச்சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். இரண்டு நாளில் ஏழு நாய்களைப் பிணமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சைபர் மட்டும் பொட்டலத்தின் முன் அமர்ந்து எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம வாயத் தொறக்காத வரைக்கும் இவள ஒண்ணும் பண்ண முடியாது சாமி," என்றார் காதர் பாய். நானும் தலையசைத்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். உச்சிவேளையில் நிர்வாக அதிகாரி என் ஜன்னலுக்கு வந்தார். பின்னால் பொட்டலக்காரர்.

"நீ சொன்னாத்தான் துன்னுமாமே? சொல்லு."

"சார், இவள நான் வீட்டுக்கு இட்டுக்கினு போயிடறேன் சார். இன்னிக்கே."

"எங்க இட்டுக்கினு போனாலும் நாளைக்குக் கேட்டாண்டதான் நிக்கும். நாளைக்குக் காலைல அவங்க வந்துருவாங்க. உன் கன்ஃபர்மேஷன் ஃபைலு என் டேபிள்ளதான் இருக்குது, தெரியுமில்ல? ஊட்டுக்காரம்மாவுக்கு எத்தினியாவது மாசம்?"

"ஏழு சார்."

"அப்ப சொல்லு."

ஆறு மாதத் தற்காலிகம் என்று சேர்ந்த வேலை மூன்றாம் ஆண்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது. மறுத்திருந்தால் மறுநாள் அவ்விடத்தில் வேறொருவன் அமர்ந்திருப்பான். இது உண்மை. ஆனால் இது ஒன்றே காரணம் என்று இத்தனை ஆண்டுகள் எனக்கு நானே சொல்லி வந்ததும் உண்மை. ஓர் அதிகாரி முகம் சுளித்தால் அது பொறுக்காத மனிதனாகவும் நான் இருந்தேன்.

பொட்டலம் படிமேல் பிரிந்து கிடந்தது. அதன் முன் அமர்ந்து அவள் என் முகத்தைப் பார்த்தாள். திருநாமத்தைச் சொன்னேன். காதில் விழாதபடி, உதடு மட்டும் அசையச் சொன்னேன். அப்படி ஒரு தந்திரம் செய்தேன்.

"கேக்கல," என்றார் அதிகாரி.

மறுபடி சொன்னேன்.

அவள் உண்டாள். இலையை நக்கித் துடைத்தாள். பிறகு, நன்றாகச் செய்தோமா என்று கேட்பது போல் படியில் நேராக நிமிர்ந்து அமர்ந்து வாலை ஆட்டினாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பின்பும் அந்த வால் படியில் தட்டும் ஓசை சிறிது நேரம் கேட்டது. பிறகு நகங்கள் சிமெண்டைப் பிராண்டும் ஓசை.

காதர் பாய் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டி இன்னும் வரவில்லை. படியில் கிடந்தவளைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். யார் சொன்னது என்று கேட்கவில்லை. அதைச் சொல்ல இருந்தது ஒரே வாய்தானே. குனிந்து இரு கைகளாலும் அவளை எடுத்தார். கடைவாயில் நுரை வழிந்துகொண்டிருந்த அந்தத் தலையைத் தம் வெள்ளைச் சட்டையின் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மதிலுக்கு வெளியே சீமைக்கருவேலம் புதருக்குள் போனார். அவளை ஒரு மனிதர் அப்படி அணைத்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு நிரந்தர ஆணை வந்தது. காகிதம் வழவழப்பாக இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் மூன்று ஆண்டுகள் அதே எட்டுக்கு எட்டு அறையில் அருகருகே அமர்ந்திருந்தோம். "பதினெட்டு நானூறு," "ஆறு இருநூறு" என்று எடைகளை மட்டும் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஒரு நாளும் திட்டவில்லை, புகார் சொல்லவில்லை. என் நெற்றி கறுத்ததையும் அவர் கவனிக்கவில்லை. பிறகு தம்மூருக்கே வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார். நான்கைந்து முறை பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பொன்னேரியில் இறங்கிவிட்டேன். இப்போது அவர் இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

ஆலையும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ரயிலிலிருந்து பார்த்தேன். உலையைப் பிரித்து, அதையும் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். எடைமேடை இருந்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கியிருந்தது. சீமைக்கருவேலத்தை அழித்து லாரிகள் நிற்க இடமாக்கிவிட்டார்கள்.

இவையெல்லாம் ஊரில் எவருக்கும் போகக்கூடியவைதாம். எனக்குப் போனது வேறு. இன்றும் விடியலில் நீராடித் திருமண் தரித்து ஓத அமர்கிறேன். எம்பெருமானின் திருநாமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாவில் வருகின்றன. அந்த ஒன்று வரும் இடத்தில் மட்டும் என் குரல் தாண்டிச் சென்றுவிடுகிறது. உதட்டை அசைத்து ஓசையின்றிச் சொல்லிப் பார்த்ததுண்டு. அது அன்று செய்த தந்திரமாகவே இருப்பதால் அதையும் விட்டுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் வீட்டில் யாரும் இதைக் கவனித்ததில்லை. அந்தப் பெயருக்கு உரியவன் கவனித்திருப்பான்.