அருள்நாயகி மெசின் பார்க்கப் போனது

சந்தியோகுவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் வங்காலை ஆள் இல்லை என்று முடிவுகட்டலாம். கோயில் வயலினின் முறுக்காணி உடைந்தாலும், முசலிப் பக்கத்து முஸ்லிம்களுக்கு றபான் மேளத்துக்கு மரவளையம் தேவைப்பட்டாலும், வயற்கரைச் சைவக் குடும்பங்களுக்கு உடுக்கு வேண்டுமென்றாலும் எல்லாம் அவருடைய மரம் கடையும் கொட்டிலுக்குத்தான் வந்து சேரும். அவரைப் புகழ ஊரில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. நாம் அவருடைய மனைவி அருள்நாயகியைப் பார்ப்போம். அந்தக் கொட்டிலில் சுழன்ற மரம் எல்லாம் அவள் இழுத்த இழுப்பில்தான் சுழன்றது. ஊருக்கு அது தெரியும். ஆனால் ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

வேலை நடக்கிற விதம் இதுதான். கடைய வேண்டிய மரத்தை இரண்டு கட்டைகளுக்கு நடுவே பொருத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்து ஒருவர் மாறி மாறி இழுக்க வேண்டும். மரம் முன்னும் பின்னுமாகச் சுழலும். முன்னுக்குச் சுழலும்போது சந்தியோகு உளியை வைப்பார், பின்னுக்குச் சுழலும்போது எடுப்பார். இழுக்கிறவர் ஒரு கணம் பிசகினாலும் உளி மரத்தைக் கிண்டிவிடும்.

அருள்நாயகி பேசாலைப் பெண். கலியாணம் முடித்து வந்த புதிதில் அவளுக்குக் கயிறும் தெரியாது, உளியும் தெரியாது. அதுவரை கயிறு இழுத்த ஆள் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு என்று கேள்விப்பட்டதும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அவன் திரும்பி வரும்வரை இரண்டு நாளைக்குப் பிடி என்றார் சந்தியோகு. அவன் வரவேயில்லை. அந்த இரண்டு நாளுக்குள் மூன்று பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, அவர்களுக்கும் கலியாணம் முடிந்துவிட்டது.

சந்தியோகு பேச மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு முறை சோற்றுக் கோப்பையை நீட்டுவார், அதுதான் அவருடைய பாராட்டு. ஆகவே கொட்டிலில் பேசுகிற பொறுப்பையும் அருள்நாயகியே எடுத்துக்கொண்டாள். ஊரில் யாருக்கு யாரோடு கோபம், யாருடைய வலையில் மீன் பட்டது, எந்த வீட்டில் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனார்கள், எல்லாம் கயிறு இழுத்தபடியே சொல்லி முடிப்பாள். கோபம் வந்தால் சொல்ல மாட்டாள், கயிற்றை வெடுக்கென்று இழுப்பாள். உளி துள்ளும். சந்தியோகு உளியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன?" என்று கேட்பார். அவரை ஒரு வார்த்தை பேசவைக்க அவளுக்குத் தெரிந்த நிச்சயமான வழி அது ஒன்றுதான்.

அந்த வருசம் மாரியில் அவளுடைய வலது தோளில் குத்து வந்தது. வேப்பெண்ணெயைச் சூடாக்கி, அவர் கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்துப் பூசிக்கொண்டாள். மணம் காட்டிக்கொடுக்கும் என்று தலைக்கும் கொஞ்சம் தடவி, பேன் தொல்லை என்று கதை கட்டினாள். தன்னை விட்டால் அந்தக் கொட்டிலில் ஆள் இல்லை என்ற பெருமை அவளுக்கு நிறைய உண்டு. அந்தப் பெருமையிலேயே இத்தனை காலம் பசியும் தெரியாமல் இருந்துவிட்டாள்.

அந்தப் பெருமையில் மண் போட்டவன் வண்டில்காரன் சிங்கராசா.

"அக்கா, உங்களுக்கு இனி ஓய்வுதான்! அண்ணை மெசின் தேடுறார். தலைமன்னாரில ஒரு துரை சீமைக்குப் போறாராம். பொழுதுபோக்குக்கு மரம் கடைஞ்ச மனுசன். மேசையில வைக்கிற சின்னச் சின்ன மெசினெல்லாம் விக்கக் கிடக்காம்."

அருள்நாயகி சிரித்தாள். சிரித்து முடித்து அடுப்படிக்குப் போனவளுக்கு அன்று சொதியில் உப்புப் போட்ட ஞாபகமே இல்லை. மெசின் வந்தால் கயிறு எதற்கு? கயிறு இல்லாவிட்டால் கொட்டிலில் அவள் எதற்கு? அடுப்படியில் இருந்துகொண்டு, வாயைத் திறக்காத ஒரு மனிதன் சாப்பிட வரும் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சந்தியோகு இரவுச் சாப்பாட்டின்போது, "நாளைக்குத் தலைமன்னார் போறன். மெசின் பாக்க. நீயும் வா," என்றார்.

"நான் ஏன்?"

"உனக்குத்தான் காது இருக்கு."

அது உண்மை. உளி சரியாகப் பிடிக்கிறதா, மரத்துக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். காது மட்டும் வேணும், ஆள் வேண்டாமாக்கும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, "வாறன்," என்றாள். என்ன மெசினாக இருந்தாலும் ஒரு குறை இல்லாமலா போகும்? அதைக் கண்டுபிடித்துத் தருவதற்கு அவளைவிட நல்ல ஆள் உண்டா?

மன்னார் வரை சிங்கராசாவின் வண்டில், அங்கிருந்து தண்டவாளத்தில் கோச்சி. கப்பல் அடையும் தலைமன்னார் பியரில் இறங்கியதும், துறைமுகப் பட்டறையில் பிட்டர் வேலை பார்க்கும் முஹைதீன் அவர்களைக் கூட்டிப்போனான். துரையின் சாமான்களை விற்றுக் கொடுக்கிற வேலை அவனிடம் இருந்தது. ஒரு சாமான் அறையில், நீட்டு மேசையின் மேல் எல்லாம் துடைத்து வைத்திருந்தான்.

முதலில் கையால் சுழற்றித் துளை போடுகிற ஒரு சின்ன மெசின். அருள்நாயகி அதை இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தாள். "இது நல்ல சாமான். இதை வாங்கிக்கொண்டு போவம்," என்றாள். அதனால் அவளுடைய வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

சந்தியோகு அதை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிட்டுக் கடைசல் மெசின்களிடம் போனார். மூன்று இருந்தன.

முதலாவது பித்தளையில் மினுங்கியது. "சேர், இது மணிக்கூட்டுச் சில்லுக் கடையிற மெசின். உங்கட முறுக்காணிக்குத் தோதா இருக்கும்," என்றான் முஹைதீன்.

"றபான் வளையம் இதில சுத்துமோ தம்பி? அடிப்பலகையில இடிக்கும்," என்றாள் அருள்நாயகி.

முஹைதீன் அளந்து பார்த்துத் தலையாட்டினான். ஒன்று தொலைந்தது.

இரண்டாவது, மேசையில் பூட்டுகிற கடைசல் மெசினும், அதைவிட்டுத் தள்ளித் தையல் மெசின் கால் போல, இருக்கையோடு ஒரு மிதியும். இரண்டையும் ஒரு தோல்பட்டி இணைத்தது. மிதியில் ஒருவர் உட்கார்ந்து மிதித்தால் மேசையில் மரம் சுழலும். முஹைதீன் மிதித்துக் காட்டினான். அருள்நாயகி கண்ணை மூடிக் கேட்டாள். கடகட என்று உள்ளே ஏதோ தடுமாறியது.

"அச்சு தேஞ்சுபோச்சு. இதில உளி வைச்சா கை நடுங்கும். இரும்பில கறளும் பிடிச்சிருக்கு. உப்புக்காத்தில இன்னும் ஒரு மாரி தாங்காது." சொல்லும்போது அவளுக்கு உற்சாகம் பொங்கியது. இரண்டும் தொலைந்தன.

மூன்றாவது மெசின் முழுவதும் ஒரே கூடாக இருந்தது. கடைகிறவர் நின்றபடி தன் காலாலேயே மிதித்துக்கொள்ளலாம். வேறொருவர் தேவையில்லை. முஹைதீன் ஒரு கட்டையைப் பூட்டி மிதித்தான். அவள் கண்ணை மூடினாள். தடுமாற்றம் இல்லை, கடகடப்பு இல்லை, ஒரே சீரான ரீங்காரம். அகலம் போதும். கொட்டில் வாசலுக்குள்ளும் அடங்கும். அவள் குனிந்து பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், இன்னொரு முறை மிதிக்கச் சொன்னாள்.

"அக்கா, சொல்லுங்கோவன். ஆட்டம் இருக்கோ?" என்றான் முஹைதீன்.

சந்தியோகுவும் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் இருக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவளுடைய காதைச் சந்தேகப்படுகிற மனிதன் அவரில்லை. அதுதான் சங்கடம். அவ்வளவு நம்புகிற ஒருவரிடம் மரத்தைப் பற்றியும் உளியைப் பற்றியும் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

"ஒரு ஆட்டமும் இல்லை. நல்ல மெசின். இதை வாங்குங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பியரில் இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றது. ஆட்கள் மூட்டைகளோடு அடிபட்டுக்கொண்டு ஏறினார்கள். அருள்நாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கப்பலில் ஏறும் யாரையோ வழியனுப்ப வந்தவள் என்று நினைத்து ஒரு பெண் அவளுடைய முதுகைத் தடவிவிட்டுப் போனாள். அந்த ஆறுதலையும் அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

அப்போதுதான் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. கடகட, கடகட. தேய்ந்த அச்சு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். இரண்டாவது மெசினின் மிதியில் முஹைதீன் இருந்து மிதிக்க, சந்தியோகு மேசைக்கு முன்னால் நின்று உளியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் தொட்டனீங்கள்? நான் சொன்னது காதில ஏறேல்லையோ? அச்சு போச்சு எண்டெல்லோ சொன்னனான்!"

"புது அச்சு முஹைதீன் கடைஞ்சு போட்டுத்தருவான். கறளை நான் சுரண்டுவன்," என்றார் சந்தியோகு. "இதைத்தான் எடுக்கப்போறம். தம்பி, எழும்பு. நாயகி, நீ இதில இரு."

"எனக்கென்ன விசரோ? நல்ல மெசின் அங்க கிடக்க, உடைஞ்சதைத் தூக்கிக்கொண்டு போறதுக்கோ கோச்சியில வந்தனாங்கள்?"

"இருந்து பார்."

இருந்தாள். காலை வைத்து மிதித்தாள். பட்டி ஓடியது, மேசையில் மரம் சுழன்றது. தோள் அசையவேயில்லை. வலக்கையும் இடக்கையும் மடியில் சும்மா கிடந்தன. அது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"தோள் நோகுதோ?" என்று கேட்டார் சந்தியோகு.

அவளுடைய கால் நின்றுவிட்டது. "ஆர் சொன்னது தோள் நோகுதெண்டு?"

"வலப்பக்கம் இழுக்கேக்க உனக்கு மூச்சு நிக்குது. மாரி தொடங்கினதிலயிருந்து. அதுக்குத்தான் மெசின். வீட்டில சொன்னா, நோவே இல்லை எண்டு என்னோட சண்டைக்கு வருவாய்."

அவருடைய வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு பேச்சு வந்ததை அவள் கேட்டதே கிடையாது. ஆனாலும் ஒன்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

"அப்ப அந்த மற்ற மெசின்? ஒரு குறையும் இல்லாத மெசின். அதை ஏன் வேண்டாமெண்டனீங்கள்?"

சந்தியோகு மேசையில் விழுந்திருந்த மரத்தூளைக் கையால் தட்டிக் கீழே தள்ளினார். முஹைதீனைப் பார்த்தார். பிறகு, ஆள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டவராக, குரலைத் தணித்துக்கொண்டார்.

"அதில நான் மட்டும்தான் நிக்கலாம். நீ எங்க இருப்பாய்?"